டென்ட் ரயில் நிலையத்தில் தங்கி மலைப்பாதைகளில் நடப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

டென்ட் ரயில் நிலையம் டென்ட் என்னும் ஊரில் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவில், ஊர் பள்ளத்தாக்கின் அடியில் கிடக்க, நிலையம் அங்கிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழ 180 மீட்டர் மேலே, மலைச்சரிவில் தனியாக நிற்கிறது. நிலையத்தை ஏன் ஊரைவிட்டு இவ்வளவு தொலைவில் கட்டினார்கள் என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டாராம். “தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்” என்று உள்ளூர்க்காரர் பதில் சொன்னாராம். அந்த வட்டாரத்தில் வழங்கும் பழைய வேடிக்கை இது. ஆனால் அங்கே தங்கப் போகிறவர் இதை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த ரயிலில் போவது, எதையெல்லாம் சுமந்து செல்வது, எந்தப் பாதையில் நடப்பது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்ற எல்லாவற்றையும் அந்த 6 கிலோமீட்டர்தான் முடிவு செய்கிறது.

கடல்மட்டத்திலிருந்து 350 மீட்டர், அதாவது 1,150 அடி உயரத்தில் இருக்கும் இது, இங்கிலாந்தின் முதன்மை இருப்புப்பாதைகளில் உள்ள நிலையங்களுள் மிக உயரமானது. பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்பட்ட அதன் கட்டடம் விடுமுறைக்குத் தங்குவோருக்கு வாடகைக்கு விடப்பட்டு வந்திருக்கிறது. வாசலில் ரயில்கள் இன்றும் நின்று செல்கின்றன. ஓடாத பாதையில் அழகுக்காக நிறுத்திவைத்த நிலையங்களில் தங்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். கார் இல்லாமலே மலையேறப் போகலாம் என்பது இதன் பெரிய வசதி.

முதற்படி: எந்த நிலையம் என்று முடிவு செய்தல்

செட்டில் நகரிலிருந்து கார்லைல் வரை 117 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதையை மிட்லண்ட் ரயில்வே நிறுவனம் அமைத்தது. 1875-இல் சரக்கு ரயில்களும் 1876 மே மாதத்தில் பயணிகள் ரயில்களும் இதில் ஓடத் தொடங்கின. டென்ட் நிலையம் 1877-இல் திறக்கப்பட்டது. 1970 மே மாதத்தில் வழியிலிருந்த சிறு நிலையங்கள் பெரும்பாலும் ஒரேயடியாக மூடப்பட்டன. 1980-களில் பாதையையே மூடிவிடும் திட்டம் வந்து, பெரும் போராட்டத்துக்குப் பிறகு 1989 ஏப்ரலில் கைவிடப்பட்டது. இதற்கிடையில் 1986-இல் டென்டும் அதன் அண்டை நிலையமான ரிபிள்ஹெட்டும் மறுபடி திறக்கப்பட்டிருந்தன. மூடிக்கிடந்த காலத்தில் பயனற்றுப் போன கட்டடங்கள்தான் பிற்பாடு தங்குமிடங்களாக மாறின.

தங்குவதற்கு இந்தப் பாதையில் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ரிபிள்ஹெட்டில் முன்னாள் ஸ்டேஷன் மாஸ்டரின் வீடு விடுமுறை இல்லமாகியிருக்கிறது. பக்கத்திலேயே சாலையும் மதுக்கடையுடன் கூடிய விடுதியும் இருக்கின்றன, புகழ்பெற்ற வளைவுப் பாலமும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனாலேயே கோடைக்காலச் சனி, ஞாயிறுகளில் அங்கே கூட்டம் அலைமோதும். டென்டில் கடை இல்லை, உணவகம் இல்லை, அண்டை வீடு என்று சொல்லிக்கொள்ளவும் அதிகமில்லை. முதல்முறை வருபவர்கள், குறிப்பாகச் சிறு குழந்தைகளோடு வருபவர்கள், ரிபிள்ஹெட்டைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. நான் டென்ட் பக்கம்தான் சாய்வேன். கடைசி ரயில் போன பிறகு அங்கே நிலவும் அமைதி வேறெங்கும் கிடைப்பதில்லை.

இரண்டாம் படி: பருவத்தைத் தேர்ந்தெடுத்தல்

350 மீட்டர் என்ற எண்ணைப் பார்த்து, இதெல்லாம் ஓர் உயரமா என்று நம்மவர்கள் எண்ணிவிடுவது இயல்பு. மேற்கே அயர்லாந்துக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முட்டும் மலைகள் இவை என்பதால், லீட்ஸ் நகரில் இளவெயில் அடிக்கும் அதே நாளில் இங்கே சாய்மழை பெய்துகொண்டிருக்கும். நிலையத்துக்கு மேலே சரிவில் வரிசையாக நட்டிருக்கும் கறுத்த மரவேலியை வந்து இறங்கியதும் கவனியுங்கள். பழைய சிலிப்பர் கட்டைகளை நிமிர்த்தி நட்டு, தண்டவாளத்தின் மேல் பனி குவியாமல் தடுக்க எழுப்பிய வேலி அது. அப்படியிருந்தும் 1947 குளிர்காலத்தில் இந்தப் பகுதியில் பாதை வாரக்கணக்கில் பனியில் புதைந்து கிடந்தது. பனி அள்ளும் தொழிலாளர்களுக்கென்று கட்டிய சிறு குடில்கூட நிலையத்தின் அருகில் இருக்கிறது.

மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரையிலான காலமே மலைநடைக்கு உகந்தது. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், அப்போது நடைக்குக் கிடைப்பது ஆறேழு மணி நேரம் மட்டுமே. ஏப்ரல், மே மாதங்கள் ஆடுகள் குட்டி போடும் காலம் என்பதால், நாய் அழைத்து வருபவர்கள் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும்.

மூன்றாம் படி: முன்பதிவும் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளும்

இவை ஓட்டல்கள் அல்ல. சாவியை வாங்கிக்கொண்டு, நாமே சமைத்து, நாமே துடைத்து வைத்துவிட்டு வர வேண்டிய முழு வீடுகள். கோடையில் வாரக் கணக்கிலும் மற்றக் காலங்களில் மூன்று நான்கு இரவுகளுக்கும் விடுவது இத்தகைய இல்லங்களின் பொதுவான வழக்கம். பணம் கட்டுவதற்கு முன் உரிமையாளரிடம் நான்கு செய்திகளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வீட்டுக்குள் நுழையும் நேரமும் வெளியேறும் நேரமும் எவை? ஏனெனில் அவை ரயில் நேரங்களோடு ஒத்துப்போகாவிட்டால் பெட்டியோடு மலைக்காற்றில் நிற்க நேரும். சூடேற்றுவது மின்சாரத்திலா, விறகு அடுப்பிலா, விறகு வாடகையில் அடக்கமா? படுக்கை விரிப்பும் துவாலையும் கிடைக்குமா? கைப்பேசிக்கு எந்த நிறுவனத்தின் அலைவரிசை கிடைக்கிறது?

ஐந்தாவதாக உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: உங்கள் உறக்கம் எப்படிப்பட்டது? இது உயிருள்ள ரயில் பாதை. பயணிகள் ரயில்களைத் தவிர, கல்லும் மரமும் ஏற்றிச் செல்லும் சரக்கு ரயில்களும் இதில் போகின்றன, அவை நேரம் பார்ப்பதில்லை. சரக்கு ரயில் வருவதற்குச் சில வினாடிகளுக்கு முன்பு சன்னல் கண்ணாடி மெல்ல முனகத் தொடங்கும். மேசைமேல் வைத்த தேநீரின் மேற்பரப்பில் நுண்ணிய வளையங்கள் தோன்றும். அதன் பிறகே ஓசை வரும். எனக்கு அது தாலாட்டு. உடன் வந்த நண்பருக்கு அது முதல் இரவு முழுவதும் தண்டனையாக இருந்தது. பஞ்சு அடைப்பான்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நான்காம் படி: ரயில் பயணத்தைத் திட்டமிடுதல்

லண்டனிலிருந்து வருபவர்கள் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் லீட்ஸ் வந்துவிடலாம். அங்கிருந்து கார்லைல் செல்லும் ரயிலில் மேலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நீண்ட தொலைவுக்கான டிக்கெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே எடுத்தால் கட்டணம் பெரிதும் குறையும். இருவர் எப்போதும் சேர்ந்தே பயணம் செய்வதாக இருந்தால், மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி தரும் இருவர் ரயில் அட்டை ஒரே பயணத்தில் தன் விலையைக் கணிசமாக மீட்டுக் கொடுத்துவிடும்.

கவனிக்க வேண்டியது, இந்தப் பாதையில் ரயில்கள் அடிக்கடி வருவதில்லை என்பதே. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க நேரலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்கள் இன்னும் குறையும். ஆகவே கால அட்டவணையைத் தாளில் அச்சிட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி நாளைத் திட்டமிடுங்கள். டிக்கெட்டைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பதும் ஆபத்து. குளிரில் மின்கலம் வேகமாக இறங்கும் என்பதை நான் ஒரு நவம்பர் மாலையில், இருண்ட திரையைக் கையில் வைத்துக்கொண்டு பரிசோதகர் முன் அசடு வழிய நின்றபோது கற்றேன்.

வடக்கு நோக்கிச் செல்லும்போது எந்தப் பக்கம் உட்காருவது என்று பலரும் கேட்கிறார்கள். செட்டிலைத் தாண்டியதும் பென்-ய்-கென்ட் மலை வலப்பக்கமும் இங்கிள்பரோ மலை இடப்பக்கமும் தெரியும். ரிபிள்ஹெட் பாலத்தையும் அதையடுத்து 2,404 மீட்டர் நீளமுள்ள பிளே மூர் சுரங்கத்தையும் கடந்து வெளியே வரும்போது, டென்ட் பள்ளத்தாக்கு முழுவதும் இடப்பக்கத்தில் விரியும். இடப்பக்கமே என் தேர்வு.

ஐந்தாம் படி: மளிகை

லீட்ஸிலேயே எல்லாவற்றையும் வாங்கிச் சுமப்பதைவிட, செட்டிலில் இறங்கி, நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள கடைகளில் பாலும் ரொட்டியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறுவது எளிது. செவ்வாய்க்கிழமையானால் ஊர்ச் சந்தையும் கூடியிருக்கும். வழியில் இறங்கி ஏற டிக்கெட் இடம் கொடுக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பதிவு செய்த மலிவுக் கட்டண டிக்கெட்டுகள் பெரும்பாலும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. அரிசி, பருப்பு, புளி, கறிவேப்பிலை ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள்.

அளவைக் கணக்கிடும்போது ஒரு நாள் உணவை மிகுதியாகவே வையுங்கள். மலையில் நடந்தவர் வீட்டில் இருப்பவரைப் போல இரு மடங்கு சாப்பிடுவார். நடைக்குக் கட்டிக்கொண்டு போகப் புளிச்சோறு நல்லது. தயிர்ச்சோறு குளிர்காற்றில் இறுகிப்போய்த் தொண்டையில் இறங்க மறுக்கும். பொடி தடவிய இட்லி இரண்டும் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் நிரப்பிய பிளாஸ்க்கும் போதும் என்பது என் அனுபவம்.

ஆறாம் படி: நடைக்கான ஆயத்தம்

வானிலை முன்னறிவிப்பைப் பொதுவாகப் பார்க்காமல், மலைகளுக்கென்று தனியாக வெளியிடப்படும் அறிவிப்பைப் பாருங்கள். அதில் உச்சியின் காற்று வேகமும் மேகம் இறங்கும் உயரமும் இருக்கும். கணுக்காலை மூடும், நீர் புகாத காலணி கட்டாயம். இங்குள்ள கரிச்சதுப்பு மேலே புல் போர்த்தியிருப்பதால் தரைபோலத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை வாங்கிக்கொள்ளும். மழைக்கோட்டுடன் மழைக் கால்சட்டையும் வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, உடம்பின் சூட்டையும் இழுத்துவிடும்.

அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவுள்ள ஓஎல் 2 வரைபடத்தைத் தாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக் கம்பங்களில் மஞ்சள் அம்பு நடப்பவருக்கு மட்டுமான பாதையையும், நீல அம்பு குதிரையும் சைக்கிளும் செல்லக்கூடிய பாதையையும் காட்டும். திறந்திருந்த படலைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்வது இங்கே எழுதாத சட்டம். சுண்ணாம்பும் சாந்தும் இன்றிக் கல்மேல் கல் அடுக்கிய சுவர்களின் மேல் ஏறக் கூடாது. ஒரு கல் சரிந்தால் சில அடி நீளமும் கூடவே சரியும், அதை அடுக்கித் தர அந்த விவசாயிக்கு நாள் கூலி ஆகும்.

ஆபத்து நேர்ந்தால் 999 அல்லது 112 எண்ணை அழைத்து, முதலில் போலீஸையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். அலைவரிசை இல்லாவிட்டால், நிமிடத்துக்கு ஆறு முறை ஊதல் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். இந்த மலைகளின் கணிசமான பகுதியை 1935-இல் தொடங்கப்பட்ட குகை மீட்பு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. அவர்கள் தொண்டர்கள், நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு வேலை வைக்காமல் திரும்புவதே மரியாதை.

ஏழாம் படி: நடைகளை நாட்களுக்குப் பங்கிடுதல்

முதல் நாள் நடையை வீட்டு வாசலிலிருந்தே தொடங்குங்கள். நிலையத்திலிருந்து கோல் ரோடு எனப்படும் பழைய நிலக்கரிச் சாலை மிகச் செங்குத்தாகப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. முழங்காலுக்குச் சோதனை இந்த ஒரு கிலோமீட்டர்தான். கீழே டீ என்னும் சிற்றாற்றை ஒட்டி எதிர்நீரோட்டமாக நடந்து ஸ்டோன் ஹவுஸ் என்னுமிடத்தை அடைந்து, அங்கிருந்து ஓடையோரமாக ஏறினால் ஆர்ட்டன் கில் வளைவுப் பாலத்தின் கீழே வந்து நிற்பீர்கள். 11 வளைவுகள், 36 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்ப்பதோடு நின்றுவிடாமல், தூணுக்கு அருகில் சென்று கல்லை உற்றுப் பாருங்கள். மழையில் நனைந்திருந்தால் இன்னும் நல்லது. கறுத்த கல்லுக்குள் தேங்காய்த் துருவலைத் தூவியது போல வெண்ணிறத் துணுக்குகளும் சிறு வளையங்களும் தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த கடல் அல்லிகள் என்னும் உயிரினங்களின் எச்சங்கள் அவை. டென்ட் மார்பிள் என்று பெயர் பெற்ற இந்தச் சுண்ணாம்புக் கல்லை மெருகேற்றும் பட்டறைகள் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே இயங்கின. 1835-இல் இந்தப் பக்கம் மீன் பிடிக்க வந்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங் என்ற இளம் வழக்கறிஞர், அங்கே சுழன்ற நீர்ச்சக்கரம் தண்ணீரின் ஆற்றலில் பெரும்பகுதியை வீணடிக்கிறதே என்று யோசிக்கத் தொடங்கி, பின்னாளில் நீரழுத்தப் பாரந்தூக்கிகளின் முன்னோடியானார்.

பாலத்தைத் தாண்டி மேலேறி, கால்நடைகளை ஓட்டிச் சென்ற பழைய மலைவழியில் இடப்பக்கம் திரும்பினால், கிரேட் நவுட்பெரி மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கோல் ரோட்டுக்கு வந்து, அதில் இறங்கி நிலையத்தை அடையலாம். நிதானமாக நடந்தால் நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும்.

இரண்டாம் நாள் நடை எனக்கு மிகவும் பிடித்தது. இதற்கு ரயிலும் வேண்டும். காலை ரயிலில் ஒரே நிறுத்தம் தெற்கே சென்று ரிபிள்ஹெட்டில் இறங்கி, மலையைத் தாண்டி வீட்டுக்கு நடந்தே திரும்புவதுதான் திட்டம். 24 வளைவுகளும் 400 மீட்டர் நீளமும் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தின் அடியில் இன்று ஆடு மேயும் புல்வெளிதான் இருக்கிறது. 1870-களில் இங்கே பாலத்தையும் சுரங்கத்தையும் கட்டிய தொழிலாளர்கள் குடும்பங்களோடு குடிசைகளில் வாழ்ந்தார்கள். விபத்தாலும் பெரியம்மையாலும் இறந்தவர்களில் பலர் அருகிலுள்ள சேப்பல்-லி-டேல் தேவாலயத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார்கள். பாலத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோரே அதிகம். அவர்களை விட்டுவிட்டு, தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் வடக்கே நடந்தால், பிளே மூர் சிக்னல் அறையைக் கடந்து, ஓடையைத் தண்டவாளத்தின் மேலாகக் கடத்திச் செல்லும் கல்வாய்க்காலை அடைவீர்கள். அங்கே பாதை பிரிகிறது. இடப்பக்கம் 736 மீட்டர் உயரமுள்ள வெர்ன்சைடு உச்சிக்குப் போகும். நேரே பிளே மூர் மேட்டில் ஏறும் வழி சுரங்கத்தின் மேலாகச் செல்கிறது. மேட்டில் செங்கல் கிணறுகள் போல நிற்பவை சுரங்கத்தின் காற்றுப் போக்கிகள். அவற்றைச் சுற்றியுள்ள குன்றுகள் அன்று தோண்டிக் கொட்டிய மண். மறுபக்கம் டென்ட் ஹெட் பாலத்தருகே இறங்கி, பள்ளத்தாக்குச் சாலை வழியே நடந்து, கடைசியாக அந்தச் செங்குத்துச் சாலையில் ஏறினால் வீடு. மொத்தம் சுமார் 13 கிலோமீட்டர். மேகம் கீழிறங்கிய நாளில் மேட்டைத் தாண்ட முயலாமல், கல்வாய்க்காலோடு திரும்பி ரயிலைப் பிடியுங்கள்.

மூன்றாம் நாள் ஓய்வு நடையாக, டேல்ஸ் வே நெடும்பாதையின் ஒரு துண்டில் ஆற்றோடு இறங்கி டென்ட் ஊருக்குப் போகலாம். உருண்டைக் கல் பாவிய தெருவும், அங்கே பிறந்த நிலவியல் அறிஞர் ஆடம் செட்விக்கின் நினைவாக நிறுத்திய கிரானைட் கல்லும், ஆணும் பெண்ணும் நடந்துகொண்டே கம்பளி பின்னிய பழங்காலத்தின் நினைவும் அங்கே உண்டு. திரும்பும்போது அந்த 180 மீட்டரையும் ஏற வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கால் மறுத்தால் அந்த நாளை ரயிலில் ஒரு நிறுத்தம் வடக்கே கார்ஸ்டேல் சென்று கழிக்கலாம். அங்கே நடைமேடையில் ரஸ்வார்ப் என்ற நாயின் சிலை இருக்கிறது. பாதையை மூடக் கூடாது என்று 22,000-க்கும் மேற்பட்டோர் எழுதிய ஆட்சேப மனுக்களில் அதன் காலடிப் பதிவும் ஒன்று. கட்டணம் செலுத்திப் பயணம் செய்த நாய் என்பதால் அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் எசமானர் 1990-இல் வேல்ஸ் மலைகளில் நடக்கச் சென்று இறந்தபோது, பதினொரு வாரங்கள் குளிரில் அவர் உடலருகிலேயே அது காத்திருந்தது.

பென்-ய்-கென்ட், இங்கிள்பரோ, வெர்ன்சைடு ஆகிய மூன்று மலைகளையும் ஒரே நாளில், 12 மணி நேரத்துக்குள், ஏறத்தாழ 39 கிலோமீட்டர் நடந்து முடிக்கும் புகழ்பெற்ற சவாலை இந்தத் தங்கலோடு சேர்க்காதீர்கள். அதற்கு விடியும் முன்பே மலையடிவாரத்தில் இருக்க வேண்டும், முதல் ரயில் அதற்குள் உங்களைக் கொண்டு சேர்க்காது.

எட்டாம் படி: நிலையத்தில் வாழ்தல்

உங்கள் வீட்டு வாசல் பொது நடைமேடையை ஒட்டியது என்பதால், பயணிகளும் ரயில் ஆர்வலர்களும் சன்னலருகே நிற்பார்கள். திரைச்சீலையை இழுத்துவிடுவதும், உள்ளாடைகளை அடுப்பருகே உலர்த்துவதும் நல்லது. நீராவி எஞ்சின் பூட்டிய சிறப்பு ரயில்கள் வரும் கோடை நாட்களில் இந்தக் கூட்டம் இன்னும் கூடும். குழந்தைகளைப் பெரியவர் துணையின்றி வெளியே விடக் கூடாது. நிற்காமல் செல்லும் ரயில்கள் காற்றை இழுத்துக்கொண்டே போகும். ஒரு நடைமேடையிலிருந்து மறு நடைமேடைக்குச் செல்ல அனுமதிக்கப்பட்ட வழியை மட்டுமே பயன்படுத்துங்கள்.

விறகு அடுப்பு இருந்தால், நடைக்குக் கிளம்பும் முன்பே மாலைக்கான சிறு விறகும் தாளும் அடுக்கி வைத்துவிடுங்கள். நனைந்து நடுங்கும் விரல்களால் தீக்குச்சி உரசுவது கடினம். நனைந்த காலணிக்குள் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, இரவு ஒருமுறை மாற்றினால் காலையில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு உலர்ந்திருக்கும். அடுப்புக்கு மிக அருகில் வைத்தால் தோல் வெடித்துவிடும்.

கிளம்பும் நாளில் வீட்டைக் காலி செய்யும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு மணி நேரமாவது மிஞ்சும், ஆகவே மழைக்கோட்டைப் பெட்டியின் அடியில் வைத்துவிடாதீர்கள். சாவியை வைக்கச் சொன்ன இடத்தில் வைத்துவிட்டு, லீட்ஸ் ரயில் வரும் நடைமேடையில் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். காற்று எதிர்த்திசையில் வீசும் நாட்களில் ரயில் வரும் ஓசை கேட்பதற்குள் ரயிலே வந்துவிடும்.